காய்ந்த பட்டை

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. பொய்யென்றால் என் பற்கள் மொத்தமாகக் கொட்டிப்போகட்டும்.

அப்போது கப்பல் பழுதுபார்க்கும் கம்பெனியில் நான் மூழ்காளி, தண்ணீருக்குள் இறங்கி வேலை செய்கிறவன். முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு, கப்பலின் அடிவயிற்றில் கழன்ற போல்ட்டுகளை முடுக்குகிறவன். என் மனைவியின் தம்பி, அதாவது என் மச்சான், அங்கேயே சரக்கறைக்காரன். சிலிண்டரைக் கட்டும் சாமான்கள் எல்லாம் அவன் பொறுப்பு. மடையன்.

மூன்று வருடத்துக்கு ஒருமுறை பரிசோதகர் வருவார். பெரிய தண்ணீர்த் தொட்டிக்குள், தரையைத் தொடாமல், ஆடாமல் அசையாமல் மிதந்தபடி பன்னிரண்டு போல்ட்டுகளை முடுக்கிக் காட்ட வேண்டும். தேறினால் உரிமம். தவறினால் ஆயுள் முழுக்கக் கரையில் நின்று குழாய் சுற்றும் வேலை. அதற்குச் செத்தே போகலாம்.

அன்று காலை சரக்கறை ஜன்னலில் போய் நின்றேன்.

"மச்சான், இரும்புத் தகடு குடு. ரெண்டு பட்டை வெச்சது. சிலிண்டர் முதுகோட ஒட்டிக்கிட்டு நிக்கணும்."

அவன் தலையை நிமிர்த்தவில்லை. "அது கனம் மச்சான். புதுசா துணியில ஒண்ணு வந்திருக்கு, ஒரே பட்டை. தூக்கிப் பாருங்க, பஞ்சு மாதிரி."

"பஞ்சு எனக்கு எதுக்குடா? தூங்கவா போறேன்? ஒத்தப் பட்டையில சிலிண்டர் ஊஞ்சலாடும்."

"உங்க தொப்பையைவிடக் கம்மியாத்தான் ஆடும்."

"சரி, பட்டையை நனைச்சியா?"

"எதுக்கு? தண்ணிக்குள்ளதானே போறீங்க? அங்கேயே நனைஞ்சிடும்."

இந்தப் பதிலை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காதில் புகை வருகிறது. நைலான் பட்டை ஊறினால் நெகிழும். அதனால்தான் முதலில் வாளியில் முக்கி, ஊறிய பிறகு இறுக்குவது. அவனோ காய்ந்ததைக் காய்ந்தபடியே இறுக்கி, பக்கிளைப் படாரென்று மூடிக் கையைத் தட்டிக்கொண்டான். நான் திருத்துவதற்குள் பரிசோதகர் விசில் ஊதிவிட்டார்.

முதல் போல்ட் வரை எல்லாம் ஒழுங்கு. இரண்டாவதில் பட்டை நெகிழ்ந்தது. சிலிண்டர் வலப்பக்கம் சாய, நானும் அதோடு பம்பரமாகச் சுற்ற ஆரம்பித்தேன். ஸ்பானரைச் சும்மா பிடித்திருந்தேன், அவ்வளவுதான். சுற்றிய சுற்றில் ஏழு போல்ட்டுகள் தாமாகவே இறுகின. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பரிசோதகர் கைதட்டினார். அந்த நேரம் பார்த்து சிலிண்டர் இடப்பக்கம் சாய்ந்தது. இறுகிய ஏழும் கழன்றன. கூடவே தொட்டியின் மூடி, பரிசோதகரின் நாற்காலி, வெளியே நின்ற லாரியின் பின்சக்கரம் எல்லாம் கழன்றன. லாரிக்காரர் சாட்சி.

அப்புறம்தான் பாவி சிலிண்டர் பட்டையிலிருந்து மொத்தமாக உருவிக்கொண்டு கீழே இறங்கியது. அதன் குழாயின் மறுமுனை என் வாயில். கடித்துப் பிடித்தேன். குழாயும் போனது, மேல்வரிசை முன்பல் ஒன்றும் கூடவே போனது.

மேலே வந்தேன். வாயெல்லாம் ரத்தம். பரிசோதகர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"குழாய் சுத்தத் தெரியுமா?"

மச்சான் ஓடிவந்தான். மன்னிப்புக் கேட்பான் என்று பார்த்தேன். "நீங்க ரொம்ப ஆடிட்டீங்க மச்சான்" என்றான்! ஒரு வாளித் தண்ணீர். ஒரு நிமிடம். அதைச் செய்ய முடியாதவன் ஒரு மனிதனின் பிழைப்பையே கரையேற்றிவிட்டு, பழியையும் அவன் தொப்பைமேல் போட்டான். அவனை எதில் சேர்ப்பது? நீங்களே சொல்லுங்கள். இத்தனை வருடமாகியும் எனக்கு ஆறவில்லை.

கரையில் குழாய் சுற்றியே ஓய்வு பெற்ற என் மச்சானுக்கு மேல்வரிசையில் ஒரு முன்பல் இல்லை. என் வாயில் முப்பத்திரண்டும் அப்படியே இருக்கின்றன. அன்று சரக்கறை ஜன்னலுக்கு உள்ளே நின்றவன் நான்.