மைக் வந்த திங்கட்கிழமை

தமன்னா அழுதால் கேமரா ஓடிவரும். பவானி அழுதால் பக்கத்தில் நிற்கிற போலீஸ்காரம்மாகூடத் திரும்பிப் பார்க்க மாட்டார். பவானிக்கு அதுதான் வயிற்றெரிச்சல்.

மலேசியாவுக்கு வேலைக்குப் போன வடசென்னை ஆட்கள் ஆறு பேர், முதலாளி விசாவைப் புதுப்பிக்காமல் விட்டதில் மாட்டிக்கொண்டு, அந்த ஊர்க் குடியேற்றத் துறையின் தடுப்பு முகாமில் எட்டு மாதமாக அடைபட்டுக் கிடந்தார்கள். பவானியின் புருஷன் ஜெயவேலும் அதில் ஒருவன். அவர்களை விடுவிக்கச் சொல்லித் திங்கட்கிழமைதோறும் கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தவள் யார்? மீன் கூடையை மாமியார் தலையில் கட்டிவிட்டு, நெட்டுக்குப்பத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து, மற்ற ஐந்து வீட்டுப் பெண்களையும் தேடிப்பிடித்துச் சேர்த்தவள் யார்? எல்லாம் பவானிதான். தண்டையார்பேட்டை தமன்னா கடைசியாக வந்து சேர்ந்தவள். வந்த இரண்டாம் வாரமே, புருஷன் ஃபர்ஹானின் படத்தை நெஞ்சோடு அணைத்தபடி டிவியில் நாலு வார்த்தை பேசினாள். அன்றிலிருந்து அது தமன்னாவின் போராட்டம் ஆகிவிட்டது. "அந்தப் பொண்ணு இன்னாமா பேசுது!" என்று குப்பத்துப் பெண்கள் பவானியிடமே வந்து சொன்னார்கள். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

முகாமிலிருந்து மாதம் ஒரு தடவை ஜெயவேலுக்கு ஐந்து நிமிடம் போன் கிடைக்கும். இந்தத் தடவை எடுத்த எடுப்பிலேயே, "தமன்னா டிவில சூப்பரா பேசுச்சாமே? புச்சா வந்தவன் ஒர்த்தன் சொல்லிகினு இருந்தான்" என்றான்.

"ஏன், நா எட்டு மாசமா பேசறது ஒனுக்குக் கேக்கலியா?" என்றாள் பவானி.

"அத்த வுடு. ஃபர்ஹானுக்கு வூட்டு போன் நம்பர் ஞாபகம் இல்ல. மனுவுல அவனோட பழைய பாஸ்போர்ட் நம்பர் கீதாம். புது நம்பர் சொல்றேன், எழுதிக்கோ. இன்னிக்கே தமன்னாகிட்ட குட்த்துடு."

காலண்டர் தாளில் எழுதிக்கொண்டாள். கொடுக்கவில்லை. என் புருஷன் முதலில் வரட்டும், அவள் புருஷன் ஒரு மாதம் கழித்து வந்தால் குடியா முழுகிவிடும்? இரண்டு திங்கட்கிழமை தாளைப் பையில் போட்டுக்கொண்டு போனாள். இரண்டு தடவையும் அப்படியே திரும்பக் கொண்டுவந்தாள். "டீ சாப்புட்றியாக்கா?" என்று தமன்னா கேட்டபோது வாங்கிக் குடித்தாள்.

மூன்றாவது திங்கட்கிழமை, அதிகாரி ஆறு பெண்களையும் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"ஆறு பேரும் ஒரே கம்பெனி, அதனால ஒரே ஃபைல். ஃபர்ஹான் பாஸ்போர்ட் நம்பர் ஒத்துப்போகல. ஃபைல் மொத்தமும் தூதரகத்துலேர்ந்து திரும்பி வந்துடுச்சு. போன வாரம் திருத்திக் குடுத்திருந்தாகூட எல்லாருக்கும் டிக்கெட் போட்டிருப்பாங்க. இனிமே மூணு மாசம் ஆகும்மா."

காலண்டர் தாள் கிடந்த பையைப் பவானி மடியோடு இறுக்கிப் பிடித்தாள்.

வெளியே வந்ததும் மற்ற நாலு பேரும் தமன்னாவைப் பிடித்துக்கொண்டார்கள். "நம்பர்கூட ஒயுங்கா குடுக்கத் தெர்ல, டிவில மட்டும் நல்லா பேசத் தெரியுது!" அவளை யாராவது இப்படித் திட்டமாட்டார்களா என்று பவானி எத்தனை நாள் ஏங்கியிருக்கிறாள். இப்போது அது காதில் விழுந்தபோது இரண்டடி பின்னால் நகர்ந்தாள்.

"என் தப்புதான்க்கா" என்று தமன்னா பவானியின் கையைப் பிடித்துக்கொண்டாள். டிவிக்காரர் நெருங்கியதும் முக்காட்டை இழுத்து முகத்தை மூடினாள். "என்னால முடியாது. மொதல்லேர்ந்து எல்லாம் செஞ்சது பவானி அக்காதான். அவங்களக் கேளுங்க."

மைக் பவானியின் மூக்குக்கு நேராக வந்து நின்றது.

"சொல்லுங்கம்மா. ஃபைல் ஏன் திரும்பி வந்துச்சு?"

பேசினால் முகாம்வரை போகும், ஜெயவேல் காதிலும் விழும் என்று அவளுக்குத் தெரியும். பையிலிருந்து தாளை எடுத்தாள்.

"சரியான நம்பர் எங்கிட்ட கீது," என்றாள். "ரெண்டு வாரமா கீது."

தமன்னா அவள் கையை விட்டாள்.