மணிக்கட்டிலிருந்து தரை வரை

கோல்ஃப் மைதானத்தில் அவருக்கு நிழல் என்று பெயர். ஆடுகிறவர்களின் மட்டைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பின்னாலேயே நடக்கிற வேலை. பந்தைக் குழிக்குள் தட்டிவிடுகிற நேரத்தில், பை தூக்குகிறவனின் நிழல் பந்து போகிற வழியில் விழக்கூடாது. விழுந்தால் சிலர் முறைப்பார்கள், சிலர் வாய்விட்டே திட்டுவார்கள். இவருடைய நிழல் யார் வழியிலும் விழுந்ததில்லை. சூரியன் எந்தப் பக்கம் நிற்கிறது என்று பார்த்துப் பார்த்தே கழுத்து ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. அதைப் பாராட்டித்தான், அங்கே வழக்கமாக ஆட வருகிற ஒரு கண் டாக்டர் அந்தப் பெயரை வைத்தார். வைத்த பெயர் பசை போட்டதுபோல் ஒட்டிக்கொண்டது.

அந்த நிழல் இப்போது ஒரு கடை வாசலில் நின்று ஷூவின் அடியை மிதியடியில் தேய்த்துக்கொண்டிருந்தார். தேய்த்த காலையே மறுபடியும் தேய்த்தார்.

"மிதியடி ஓட்டையாயிடப் போகுது. உள்ள வாப்பா," என்றாள் மகள்.

"நம்ம மைதானத்து ஆளுங்க யாராவது வந்துட்டா?"

"வந்தா வரட்டும். நீ என்ன திருடவா வந்திருக்க?"

"அதுக்கில்லம்மா..." என்று இழுத்தபடி உள்ளே நுழைந்தார்.

மகள் பல் செட் செய்கிற பட்டறையில் வேலை பார்க்கிறாள். ஒவ்வொருவர் வாய்க்கும் அச்சு எடுத்து, மெழுகில் பல் அடுக்கி, ராவி, மெருகேற்றி அனுப்புவது அவள் தொழில். மைதானத்துக்கு விடுமுறை விடுகிற நாளில் பை தூக்குகிறவர்கள் தங்களுக்குள் ஆடிக்கொள்ளலாம் என்று ஒரு வழக்கம் இருந்தது. அப்படி ஒரு நாள் அப்பா ஆடுவதைப் பார்க்கப் போனாள். அவருடைய பையில் இருந்ததெல்லாம் யார் யாரோ வேண்டாம் என்று கழித்த மட்டைகள். ஒன்று பனைமர உயரத்து ஆளுடையது. அதை எடுத்தால் அப்பா குதிகாலைத் தூக்கிக்கொண்டு நின்றார். இன்னொன்று குள்ளமான ஒரு அம்மாளுடையது. அதற்கு, விழுந்த காசைத் தேடுகிறவர்போல் குனிந்தார். முதலில் அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்றுபோனது.

"ஊரான் பல் செட்டை வாங்கி உன் வாயில மாட்டினா எப்படிப்பா இருக்கும்? நீ அப்படித்தான் ஆடிக்கிட்டு இருக்க," என்றாள் வீட்டுக்கு வந்ததும். அன்றிலிருந்தே சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஒதுக்கி வைத்து, இந்தக் கடையைக் கண்டுபிடித்து, நாளும் குறித்துவிட்டாள். ஆடுகிறவரின் உடம்பையும் வீச்சையும் அளந்து அவருக்கென்றே மட்டை செய்து கொடுக்கிற கடை.

உள்ளே சுவர் முழுக்கத் தண்டுகள். மட்டையின் கைப்பிடிக்கும் தலைக்கும் நடுவில் இருக்கிற நீளக் குழலைத்தான் தண்டு என்கிறார்கள். கறுப்பு, வெள்ளி, நீலம் என்று வரிசையாக நின்றன. ஒரு மூலையில் பந்து போய் விழுகிற வலை, பக்கத்தில் எண்கள் ஓடுகிற திரை, இந்தக் கோடியில் மேசையோடு சேர்த்து முடுக்கிய கனமான இடுக்கி. பசை வாசம் மூக்கைத் துளைத்தது. அளவெடுக்கிறவர் நல்ல பருமன், கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்தார்.

"வாங்க சார்," என்றார்.

நிழல் திரும்பிப் பின்னால் பார்த்தார். யாரும் இல்லை.

கொண்டுவந்த மட்டையில் முதலில் அடிக்கச் சொன்னார். அது கண் டாக்டர் ஒரு காலத்தில் கொடுத்த ஏழாம் நம்பர் மட்டை. அப்புறம் கடைச் சரக்கு. தலையைத் திருகிக் கழற்றி வேறு தண்டில் மாட்டிக்கொள்ளலாம். "இது விறைப்பு. இது கொஞ்சம் வளைஞ்சு கொடுக்கும். எது உங்க கைக்குச் சேருதுன்னு பார்ப்போம்." மட்டையின் அடிப்பக்கத்தில் ஒரு ஒட்டுக் காகிதத்தை ஒட்டி, தரையில் ஒரு பலகையைப் போட்டு, அதன்மேல் பந்தை வைத்தார். மட்டை பலகையில் உரசினால் காகிதத்தில் கோடு விழும். ஓரத்தில் விழுந்தால் அளவு தப்பு, நடுவில் விழுந்தால் சரி.

நடுவில் விழுந்தது. நீளத் தண்டைக் கொடுத்தார். முதல் அடியில் கோடு ஓரத்தில் விழுந்தது. நிழல் அதை எட்டிப் பார்த்தார். அடுத்த அடியில் நடுவுக்கு வந்துவிட்டது. குட்டைத் தண்டிலும் அதே கதை. அளவெடுக்கிறவர் கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டு காகிதத்தை முறைத்தார்.

"என்ன சார் இது, எதைக் கொடுத்தாலும் பொருந்துது?"

"மட்டை பொருந்தலண்ணே. அவரு பொருந்திக்கிறாரு," என்றாள் மகள்.

அந்த மனிதருக்கு உடனே புரிந்துவிட்டது. "அட, ஆமா! முட்டியை மடக்கிடறாரு. சார், நீங்க வளையக்கூடாது. வளையறது மட்டையோட வேலை. அதோ இடுக்கி, அதுல மட்டையோட கழுத்தைக் கொடுத்து நான் வளைச்சுக்கறேன். நீங்க பாட்டுக்கு நில்லுங்க."

இத்தனை காலமும் இதைத் தன் கெட்டிக்காரத்தனம் என்றுதான் நிழல் நினைத்திருந்தார். எந்த மட்டையும் தன் கைக்கு வரும் என்று சக ஆட்களிடம் பீற்றிக்கொண்டதும் உண்டு. இப்போது அது ஏதோ கெட்ட பழக்கம் பிடிபட்டதுபோல் ஆகிவிட்டது.

"கண்ணை மூடிக்குங்க. கையைத் தொங்க விட்டுச் சும்மா நில்லுங்க. மணிக்கட்டிலிருந்து தரை வரைக்கும் அளந்தா உண்மை தெரிஞ்சிடும்." அளவு நாடாவை மகளிடம் நீட்டினார். "நீயே பிடிம்மா. நான் குனிஞ்சா என்னைத் தூக்க ஆள் வேணும்." உள்ளறையில் தொலைபேசி அடித்தது. எடுக்கப் போனார்.

நிழல் கண்ணை மூடினார். மகள் மண்டியிட்டு, நாடாவின் நுனியை அவர் ஷூவின் பக்கத்தில் தரையோடு அழுத்தினாள். கதவு திறந்த சத்தம் கேட்டது.

"அட, நிழலு! கண்ணை மூடிக்கிட்டு என்னய்யா பண்ற? கண்ணுல கோளாறுன்னா என்கிட்ட வந்திருக்கலாமே!"

கண் டாக்டர். தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துக்கொண்டு வந்தவர், தரையில் கிடந்த மட்டையைப் பார்த்துவிட்டார். "இது என் பழைய ஏழாம் நம்பர்தானே? இன்னுமா வச்சிருக்க!" அவர் முகம் அப்படியே மலர்ந்தது. அந்த மலர்ச்சிதான் வினையாகப் போயிற்று. கொடுத்தவர் எதிரில் நின்று, இது எனக்குச் சரியில்லை, வேறு செய்ய வந்தேன் என்று எந்த வாயால் சொல்வது?

"ஆமாங்க டாக்டர். பிடி வழுக்குது. மாத்தலாம்னு..." பொய் தானாக வந்து விழுந்தது.

"நானும் பிடி மாத்தத்தான் என் மட்டைங்களைக் கொடுத்திருந்தேன்." டாக்டர் தரையில் நாடாவோடு இருந்த மகளைப் பார்த்தார். "ஏம்மா, அங்க நிக்குது பாரு, அதான் என் பை. கொஞ்சம் வெளிய கார்ல வச்சிடறியா? எனக்கு இடுப்புப் பிடிச்சிருக்கு."

மகள் எழுந்தாள். அப்பாவைப் பார்த்தாள். என் பொண்ணு என்று சொன்னால் போதும், அதற்கு மேல் ஒரு எழுத்துகூட வேண்டியதில்லை. நிழல் கூரையில் எரிந்த விளக்கைப் பார்த்தார்.

"வைக்கிறேன் சார்," என்றாள் அவள்.

"நான் தூக்கறேன்," என்று அவர் நகர்ந்தார். டாக்டர் அவர் தோளை அன்பாக அழுத்தி நிறுத்தினார். "நீ விடுய்யா. நாள் தவறாம நீதானே சுமக்கற. இன்னைக்காவது அந்தத் தோளுக்கு ஓய்வு கொடு."

அவள் வாரைத் தப்பான தோளில் மாட்டினாள். பை சரிந்து முட்டியில் இடித்தது. வாசலில் கதவுச் சட்டத்தில் டக்கென்று மோதியது. எந்தத் தோளில் மாட்ட வேண்டும், எந்தக் கையால் அடியைப் பிடிக்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத் தூக்கத்திலும் தெரியும். டாக்டர் புது மழைக்கோட்டைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். நிழல் ஆமாங்க, ஆமாங்க என்று தலையாட்டினார்.

டாக்டர் போன பிறகு அளவெடுக்கிறவர் வெளியே வந்தார். "என்ன, அளந்தாச்சா?"

"இன்னொரு நாள் வரோம்ணே. எங்க அப்பாவுக்கு வேலை இருக்கு," என்றாள் மகள். அப்பா என்ற சொல்லைச் சற்று அழுத்தியே சொன்னாள்.

பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து தோளைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள். எப்போது ஆரம்பிப்பாள் என்று அவர் காத்திருந்தார். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டால் தேவலை என்று இருந்தது.

"அந்தப் பை என்ன கனம் கனக்குதுப்பா," என்றாள் வெளியே பார்த்தபடி. "தினமும் இதையா தூக்கற?"

"பழகிடும்," என்றார். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

வீட்டில் அவள் எப்போதும்போல்தான் இருந்தாள். தட்டை வைத்தாள், துணியை மடித்தாள். பல் செட் கதைகளை மட்டும் சொல்வதை விட்டுவிட்டாள். பட்டறைக்கு வருகிறவர்களை அவள் நடித்துக் காட்டும்போது வயிறு வலிக்கச் சிரிப்பார். அந்தச் சிரிப்பு இல்லாத வீட்டில் தன் வாய் மெல்லுகிற சத்தம்கூட அவருக்கே கேட்டது.

அடுத்த முறை டாக்டர் ஆட வந்தபோது நிழல் வழக்கம்போலப் பையைத் தோளில் போட்டார். அந்த வார் அவள் தோளில் கிடந்த வார் என்ற நினைப்பு வந்தது. கூட வந்தவர்கள் முன்னால் நடந்துவிட்டார்கள். டாக்டர் பெரிய மட்டையை உருவி, உறையைக் கழற்றினார்.

"இதைப் பாருய்யா!" தலையின் ஓரத்தில் ஒரு கீறல். "அந்தக் கடைப் பொண்ணு வேலை. கதவுல இடிச்சப்பவே நெனச்சேன். தூக்கத் தெரியாததை எல்லாம் வேலைக்கு வச்சா இப்படித்தான். இரு, கடைக்காரனுக்கு ஒரு போன் போடறேன்." சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.

"போடாதீங்க டாக்டர்."

குரல் யாருடையதோபோல் இருந்தது. டாக்டர் நிமிர்ந்து பார்த்தார்.

"அது கடைப் பொண்ணு இல்லைங்க. என் பொண்ணு."

டாக்டருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கடைக்குள் ஒருமுறை மனதாலேயே நடந்து பார்த்துவிட்டு வந்தவர்போல மெதுவாகக் கேட்டார்: "நீ பக்கத்துலதானேய்யா நின்ன?"

"ஆமாங்க."

"உன் பொண்ணுன்னு சொல்லியிருந்தா அந்தப் புள்ளைய நான் தூக்க விட்டிருப்பேனா?"

"எனக்கு மட்டை அளக்கத்தான் கூட்டிக்கிட்டு வந்துச்சுங்க. நீங்க ஆசையா கொடுத்தது கையில இருக்கும்போது அதை எப்படிச் சொல்றதுன்னு..."

"என்னை என்னன்னுதான்யா நெனச்சுக்கிட்டு இருந்த இவ்வளவு நாளா?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். டாக்டர் திட்டவில்லை. போனைப் பையில் போட்டுக்கொண்டு, பந்துக்கு முன்னால் போய் நின்றார். மட்டையை ஓங்கியவர் பாதியில் நிறுத்தினார். பந்தின்மேல் ஒரு நிழல் கிடந்தது. அது தன்னுடையது என்று பையோடு நின்றவருக்குப் புரியவே கொஞ்ச நேரம் பிடித்தது. பதறி விலகினார். டாக்டர் மறுபடியும் மட்டையை ஓங்கி அடித்தார்.

ஆட்டம் முடிந்ததும் டாக்டர் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். "இடுப்பு, டாக்டர்..." என்று இவர் கை நீட்டினார். "பரவால்ல, நானே வச்சுக்கறேன்," என்று கோணலாக நடந்து காருக்குப் போனார். போகிற வழியெல்லாம் மற்ற ஆட்கள் நிழலையே பார்த்தார்கள். வெறுங்கையோடு எங்கே நிற்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

மகள் வேலை முடிந்து வந்து, நகக் கண்ணில் ஒட்டிய மெழுகைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"டாக்டர்கிட்ட சொல்லிட்டேன்," என்றார்.

"என்னன்னு?"

"நீ என் பொண்ணுன்னு."

"ஓ." சுரண்டுவதை நிறுத்தவில்லை. "சரி, அவருக்குத் தெரிஞ்சுபோச்சு. உனக்கு எப்ப தெரிஞ்சுது?"

"தப்புதாம்மா," என்றார்.

அவள் எழுந்து தன் கைப்பையைத் துழாவினாள். கடைக்காரரின் அளவு நாடா வெளியே வந்தது. "அன்னைக்கு இருந்த கோபத்துல இதையும் சேர்த்து எடுத்துக்கிட்டு வந்துட்டேன். ஒரு அளவு பாக்கியாம், போன்ல கேட்டாரு. வந்து நில்லு."

சுவரோரமாகப் போய் நின்றார். கையைத் தொங்க விட்டார். கண்ணை மூடினார்.

"மூட வேண்டாம். திறந்துக்கிட்டே நில்லு."

திறந்தார். மகள் அவர் காலடியில் மண்டியிட்டு, நாடாவின் நுனியைத் தரையோடு அழுத்திப் பிடித்திருந்தாள். அந்தத் தோளில் வார் பதிந்த தடம் இன்னும் இருக்காது என்று தெரியும். தெரிந்தும் அவர் கண் அதையே தேடியது. அன்றைக்கு விளக்கைப் பார்த்ததுபோல் இன்றைக்கும் எங்கேயாவது பார்த்துக்கொள்ளலாம். பார்க்கவில்லை.

"முட்டியை மடக்காதப்பா."

"மடக்கலம்மா."

"மடக்கற."