முழுகிய கண்டம்

ஆம்பூர்ப் பள்ளியில் இரண்டு வருஷமாக நான் தற்காலிக ஆசிரியை. நிரந்தரமா, வீட்டுக்கா என்பதை இன்றைய மாதிரி வகுப்பு முடிவு செய்யும் என்று தாளாளர் சொல்லிவிட்டார். தீர்ப்புச் சொல்ல வேலூரிலிருந்து சாந்தகுமார் என்ற ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் வந்திருந்தார். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லையாம். எனக்கென்று பார்த்து வாய்த்தார்.

பாடம், கண்டத்தட்டுகள். ஒன்பதாம் வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் யாராவது தோல் கம்பெனியில் இருக்கிறார்கள். வெட்டுத் துண்டுகளுக்குப் பஞ்சமில்லை. தண்ணீர்த் தொட்டியில் தடித்த பழுப்புத் தோல் கண்டம், மெல்லிய கறுப்புத் தோல் கடலடித் தட்டு. கறுப்பின் ஓரத்தில் கனத்துக்காக, ஷூவுக்கு அடிக்கும் உலோக வளையங்கள் சில. இரண்டையும் நெருக்கினால் கறுப்பு கீழே போகும். தடிமன் வேறு, அடர்த்தி வேறு என்று பிள்ளைகள் கண்ணாலேயே பார்ப்பார்கள். முந்தின நாள் ஒத்திகை கனகச்சிதம்.

ஒத்திகையில் பழுப்புத் துண்டின் ஓரம் கிழிந்துவிட்டதால், காலையில் உமைமா தன் அப்பாவின் கம்பெனியிலிருந்து புதிது கொண்டுவந்தாள். கொடுக்கும்போது ஏதோ சொல்ல வந்தாள். அப்புறம் சொல் என்று விரட்டிவிட்டேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. அவசரக்காரிக்கு அதுவும் இல்லை.

வகுப்பு பத்து நிமிடம் நன்றாகத்தான் போனது. தட்டுகளை நெருக்கப் போனபோது பார்க்கிறேன், பழுப்புத் தோல் ஊறி ஒரு மூலை தாழ்ந்திருந்தது. பேச்சை வளர்த்துக்கொண்டே விரலால் அடியில் தாங்கினேன். எவ்வளவு நேரம் தாங்குவது? விரலை எடுத்ததும் கண்டம் அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. கடலடித் தட்டு ஜம்மென்று மேலே மிதந்தது.

சாந்தகுமார் எழுந்து தொட்டியருகே வந்தார். "என்னம்மா, கண்டம் முழுகிடுச்சே?"

தப்பாகிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். பயம் விடவில்லை. "வேணும்னுதான் சார் அப்படி வெச்சேன்" என்றேன். எதற்கு என்று கேட்டார். நான் தொட்டியின் விளிம்பைத் துடைத்தேன். இந்தத் தோல் யார் கொண்டுவந்தது என்று பிள்ளைகள் பக்கம் திரும்பினார். உமைமா எழுந்தாள். தொலைந்தேன் என்று நினைத்தேன்.

"நான்தான் சார். இது ஃபினிஷ் பண்ணாத தோலு. மேல பூச்சு இல்ல, தண்ணிய குடிச்சிடும். மிஸ்தான் இந்த மாதிரி வேணும்னு கேட்டாங்க. உள்ள இருக்கற காத்து போய்ட்டு தண்ணி பூந்தா அடர்த்தி ஜாஸ்தியாவும்னு காட்றதுக்கு."

கண்கொட்டாமல் சொன்னாள். சாந்தகுமார் துண்டை எடுத்துப் பிழிந்து பார்த்தார். இப்படி யோசிக்கிறவரை விட்டுவிடாதீர்கள் என்று பின்வரிசையில் உட்கார்ந்திருந்த தாளாளரிடம் சொன்னார். சந்தோஷம் வரவேண்டிய இடத்தில் எனக்கு அவமானம் வந்தது.

மணி அடித்ததும் உமைமாவைக் கூப்பிட்டேன். திட்டப்போகிறேன் என்று பயந்துகொண்டே வந்தாள். அவளைத் திட்ட எனக்கென்ன யோக்கியதை? ஏன் அப்படிச் சொன்னாய் என்று மட்டும் கேட்டேன்.

"நீங்க போய்ட்டா சயின்ஸ் யாரு மிஸ் எடுப்பாங்க?" என்றாள்.

உண்மையைச் சொல்லிவிடுவது என்று தாளாளர் அறைக்குப் போனேன். சத்தியமாக அந்த எண்ணத்தோடுதான் போனேன். நியமன ஆணை அடித்துத் தயாராக இருந்தது. கையெழுத்துப் போட்டு நீட்டினார். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, நன்றி சார் என்று சொல்லிவிட்டு வந்தேன்.