பதினாலாவது தண்டு

ஜன்னல் விளிம்பில் செய்தித்தாள் பொட்டலம் ஒன்று இருந்தது. அதைப் பிரித்துப் பார்க்கும்வரை நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

அன்று கண்ணாடிக் கடையில் எனக்கு அரைநாள் வேலை. இரண்டரை மணிக்கு வீட்டுக்குள் கால் வைக்கும்போதே வெங்காயமும் மிளகும் வதங்கிய வாசனை வந்தது. அதற்கு அடியில் இன்னொரு வாசனை, மழை விட்ட புல்வெளியின் வாசனை. தையல்காரரான என் கணவர் கழுத்தில் அளவு நாடா தொங்க, அடுப்படி வாசலை அடைத்துக்கொண்டு சிரித்தார்.

"கண்டுபிடி பார்ப்போம்."

"காளானா? யாருங்க குடுத்தா?"

"யாரு குடுக்கணும்? நானே போய்ப் பறிச்சேன். காலையில கடையைத் திறக்கவே இல்ல."

என்னால் நம்ப முடியவில்லை. செருப்பில் சேறு பட்டால் வாசலிலேயே நின்று ஈர்க்குச்சியால் சுரண்டுகிற மனிதர் இவர். மழைக்காலம் வந்தால் காளான் தேடிப் போவது நானும் என் அக்காவும்தான். இந்த வருஷம் அக்கா வேலை மாற்றலாகித் தூரமாகப் போய்விட்டாள். தனியாகப் போக எனக்கு மனசே வரவில்லை. மூன்று மழை வீணாய்ப் போனதை இவர் கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

"இதைவிடப் பெரிய சேதி இருக்கு. அம்மா சாப்பிட்டாங்க. ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாங்க!"

என் மாமியார் கூடத்தில் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். கல்யாணமாகி மூன்று வருஷத்தில் நான் கொண்டுவந்த காளானை அவர் ஒருநாளும் தொட்டதில்லை. எனக்கு வைத்த பெயரே காளான்காரி. என்னிடம் ஏதாவது சொல்ல வேண்டுமானால் மகன் வழியாகத்தான் சொல்வார்.

"டேய், அவகிட்டச் சொல்லு, பரவாயில்லாம இருந்துச்சுன்னு."

நான் இரண்டடி தள்ளித்தான் நின்றேன். "அத்தைகிட்டச் சொல்லுங்க, சந்தோஷம்னு" என்றேன். அவர் துணிக்குள் முகத்தை வைத்துச் சிரித்த மாதிரி இருந்தது.

"உன் பங்கு டப்பாவுல இருக்கு" என்றார் இவர். "அப்புறம், உங்க வீட்டுச் சட்டப்படி ஒண்ணு எடுத்தும் வெச்சிருக்கேன். ஜன்னல்ல பாரு. இருக்குறதுலயே அழகானது."

எங்கள் பிறந்த வீட்டில் அப்படி ஒரு சட்டம் உண்டு. பறித்த காளான் எல்லாவற்றையும் சமைத்துவிடக் கூடாது. முழுசாக ஒன்றை எடுத்துக் காகிதத்தில் சுற்றி இரண்டு நாள் வைக்க வேண்டும். யாருக்காவது ஏதாவது ஆனால் அதை டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டலாம். கல்யாணமான புதிதில் இதைச் சொன்னபோது, "சாப்பாட்டுக்கே சாட்சி வைக்கிற குடும்பமா!" என்று கிண்டல் செய்தார். இன்று நினைவு வைத்திருந்து செய்திருக்கிறார். என் மனசு இளகிப்போய்விட்டது. அந்த இளக்கத்தோடுதான் பொட்டலத்தைப் பிரித்தேன்.

வெள்ளைப் பட்டு மாதிரி இருந்தது. திருப்பிப் பார்த்தேன். குடைக்கு அடியில் மடிப்புகளும் வெள்ளை. தண்டு பாதியில் வெட்டப்பட்டிருந்தது.

"அடி எங்கங்க?"

"எந்த அடி?"

"தண்டோட அடி. மண்ணுக்குள்ள இருக்குற பாகம்."

"அது எதுக்கு? கத்தரியால வெட்டினேன். கடைப் பெரிய கத்தரி. ஒரு பொட்டு மண்ணு ஒட்டல பாரு."

நானும் அக்காவும் காளானை வெட்டவே மாட்டோம். சுற்றிலும் மண்ணைக் குத்திக் கிளறி, அடித்தண்டோடு, பிள்ளையைத் தூக்குவது போலத் தூக்குவோம். இளசாக இருக்கும்போது நல்லதும் கொல்வதும் வெளியில் பார்க்க இரட்டைப் பிறவி மாதிரிதான் இருக்கும். கொல்கிற காளானின் அடையாளம் மண்ணுக்குள் இருக்கிறது. அதன் அடித்தண்டு, உடைந்த முட்டை ஓடு போன்ற ஒரு கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கும். நல்லதுக்கு அது இருக்காது. இதை நான் அவருக்குச் சொன்னதே இல்லை. சட்டத்தைச் சொன்னேன், காரணத்தைச் சொல்லவில்லை. அவர் சாட்சியைப் பத்திரமாக வைத்திருந்தார், அதன் வாயை வெட்டிவிட்டு.

"எத்தனை மணிக்குச் சாப்பிட்டீங்க?"

"ஒரு மணி இருக்கும். ஏன் ஒரு மாதிரி ஆயிட்ட?"

"கிளம்புங்க. அத்தை, நீங்களும்."

"எங்களுக்கு ஒண்ணும் செய்யலையே?" என்றார் மாமியார், மகனைப் பார்த்து.

"அதான் அத்தை பயமா இருக்கு."

பக்கத்து வீட்டு வாடகைக் கார்க்காரர் அவர்களை ஏற்றிக்கொள்ள, நான் ஸ்கூட்டரில் பின்னால் போனேன். ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டரம்மா என்னைவிடச் சின்னப் பெண். அவர் மூக்கில் இருந்தது நான் அளவெடுத்துக் கொடுத்த கண்ணாடி. பொட்டலத்தை வாங்கி அந்தக் கண்ணாடி வழியாக நெடுநேரம் பார்த்தார். பிறகு என்னை மட்டும் வெளியே அழைத்தார்.

"அந்த விஷமா இருந்தா உடனே காட்டாது. ஆறு மணி நேரம், பன்னெண்டு மணி நேரம் கழிச்சுத்தான் வாந்தியே வரும். அப்புறம் ஒருநாள் எல்லாம் சரியாப்போன மாதிரி இருக்கும். அந்த நேரத்துல ஈரல் கெட்டுக்கிட்டே இருக்கும்."

"இப்போ என்ன செய்யணும்?" என்றேன்.

"இப்பவே விஷத்தை உறிஞ்சுற கரிக் கரைசல் குடுக்குறேன், ரத்தம் எடுக்குறேன். ஆறு மணிக்கு ஆம்புலன்ஸ் வரும், எப்படியும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பத்தான் போறேன். ஆனா மருந்து அங்கயும் கைவசம் இல்ல, வேற ஊர்லேர்ந்து வரணும். ஃபோன் பண்ணினா ஒரே கேள்விதான் கேக்குறாங்க. அடியில கிண்ணம் இருந்துச்சா, இல்லையா? எனக்கு அது தெரியணும்."

அந்தப் பதில் மண்ணுக்குள் இருந்தது. மணி மூன்றரை.

உள்ளே ஓடினேன். என் கணவர் கட்டிலில் உட்கார்ந்து, கறுப்புத் திரவம் நிறைந்த தம்ளரை வெறித்துக்கொண்டிருந்தார்.

"எங்கங்க வெட்டினீங்க? சரியாச் சொல்லுங்க."

அவருக்கு அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. முகம் வெளுத்துப்போனது. ஆனால் வேலை என்று வந்தால் அவருக்குக் கணக்குப் பிசகாது. "மொத்தம் பதினாலு. பதிமூணு சட்டியில, ஒண்ணு ஜன்னல்ல. நீ போ, போய்க்கிட்டே இரு. ஃபோன்ல வழி சொல்றேன்."

ஊரைத் தாண்டியதும் ஸ்கூட்டரை நிறுத்தி ஃபோனைக் காதில் வைத்தேன்.

"பழைய தண்ணித் தொட்டி தெரியுதா? அதைத் தாண்டினா பாதை சட்டைக் காலர் மாதிரி வளையும்."

"வளையுது."

"காலர் முனையில ஒத்தை மரம். அங்கேர்ந்து கம்பி வேலியை ஒட்டியே ரெண்டு வேட்டி நீளம் நட. நடந்துட்டியா? இப்போ வலது கைப்பக்கம் பாரு. இடுப்புப் பட்டி மாதிரி லேசா வளைஞ்சு வரிசையா இருக்கும்."

பார்த்தேன். புல்தான் இருந்தது. எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி ஈரப்புல்.

"ஒண்ணும் தெரியலைங்க. வெட்டின தண்டு ஒண்ணுகூடத் தெரியல."



"தெரியாது" என்றார் மெதுவாக. "வெட்டின விளிம்பு வெளிய தெரிஞ்சா நல்லா இல்லன்னு, ஒவ்வொண்ணுலயும் மண்ணைத் தள்ளி மூடிட்டேன்."

இருபது வருஷமாகத் துணியின் வெட்டு விளிம்பை மடித்து உள்ளே தைத்த கை. புல்வெளியிலும் அப்படியே செய்திருக்கிறது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. மண்டியிட்டு, உள்ளங்கையால் புல்லைத் தடவ ஆரம்பித்தேன். தூறலும் ஆரம்பித்தது.

முதல் தண்டு விரலில் தட்டுப்பட்டபோது பேனாக் கத்தியை ஆழமாக இறக்கித் தூக்கினேன். வெறும் தண்டு, கீழே கூம்பி முடிந்திருந்தது. கிண்ணம் இல்லை. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது, நான்காவது. ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவர் திருப்பிச் சொன்னார், அளவு எழுதிக்கொள்வது போல.

ஐந்தாவதைத் தேடும்போது அந்தப் பக்கம் யாரோ குமட்டி வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது.

"யாருங்க அது?"

"அம்மா."

"அதுக்குள்ளயா? மணி நாலரைகூட ஆகலையே!"

"கரி ஒத்துக்கலன்னு நர்ஸ் சொல்றாங்க. தெரியலடா. நீ தேடு."

பிறகு ஃபோன் கைமாறுகிற சத்தம். மாமியாரின் குரல், மூச்சு வாங்க.

"கேக்குதா? நான்தான். மழையில நனையாத. தலைக்கு ஏதாவது போட்டுக்கிட்டியா?"

மூன்று வருஷத்தில் அவர் நேராக என்னிடம் பேசிய முதல் வாக்கியம் அது. "போட்டிருக்கேன் அத்தை" என்று பொய் சொன்னேன். தண்ணீர் மூக்கு வழியாகச் சொட்டிக்கொண்டிருந்தது.

ஒன்பதாவது தண்டு மற்றவற்றைவிடத் தடிமனாக இருந்தது. கத்தி ஏதோ மெல்லிய தோலைக் கிழித்தது போல் பட்டது. கையாலேயே சுற்றிலும் தோண்டினேன். வெள்ளைக் கிண்ணம் ஒன்று, ஓரம் கிழிந்து, தண்டை அணைத்துக்கொண்டு மேலே வந்தது.

அதை உள்ளங்கையில் வைத்து மண்ணைத் துடைத்தேன். எண்ணிக்கை வராததால், "இருக்கா?" என்றார்.

"இருக்கு."

"நல்லாப் பாரு."

"நல்லாத்தாங்க பார்த்தேன்!" என்று கத்தினேன். கத்திவிட்டு மறுபடி பார்த்தேன். தண்டின் வெட்டுமுகம் சமமாக இல்லை. நடுவில் ஒரு படி இருந்தது.

"இது ஒரே வெட்டு இல்லைங்க. ரெண்டு வெட்டு மாதிரி இருக்கு."

"ஒண்ணே ஒண்ணுதான் அப்படி வெட்டினேன்." அவர் குரல் வேகமானது. "தடிமனா இருந்துச்சு, கத்தரி ஒரே தடவையில வாங்கல. ரெண்டாவது வெட்டு கொஞ்சம் கீழ இறங்கிடுச்சு. அது… அது ஜன்னல்ல வெச்சதுடா. அதைத்தான் உனக்குன்னு எடுத்து வெச்சேன்."

அதற்குப் பிறகு இன்னும் நான்கு கிடைத்தன. நான்கிலும் கிண்ணம் இல்லை. மொத்தம் பதிமூன்று. பதினாலாவதைத் தேடி அந்த வளைவு முழுக்கத் தவழ்ந்தேன், வேலிக்கு அந்தப் பக்கமும் போனேன். நகக்கண் முழுக்க மண். வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. ஐந்தே முக்காலுக்குக் கிளம்பியே ஆக வேண்டியதாயிற்று.

டாக்டரம்மா மேஜையில் வெள்ளைத் துணி விரித்தார். ஜன்னல் காளானையும் ஒன்பதாவது தண்டையும் நானே சேர்த்து வைத்தேன். படிமேல் படி, அப்படியே பொருந்தி உட்கார்ந்தது.

"அப்போ இது சட்டிக்குள்ள போகல" என்றார் அவர். "மீதி?"

"பன்னெண்டுல கிண்ணம் இல்ல. ஒண்ணு கிடைக்கல."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நல்லதும் அதுவும் ஒரே வரிசையில முளைச்சிருக்கு. கிடைக்காத ஒண்ணை நல்லதுன்னு என்னால எழுத முடியாதும்மா. மருந்து வரட்டும்."

பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு நாள். பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் அம்மாவும் மகனும், உதடெல்லாம் கரி. ஆறு மணிக்கொருமுறை ரத்தம் எடுத்தார்கள். தண்ணீர் கேட்டால் பயந்தேன், கேட்காவிட்டாலும் பயந்தேன். வயிற்றில் கை வைத்து அவர் லேசாக நெளிந்தால்கூட என் உயிர் போய் வந்தது. முதல் நாள் எதுவும் ஆகவில்லை என்பது ஆறுதலாகவே இல்லை. டாக்டரம்மா சொன்ன அந்த 'சரியாப்போன மாதிரி இருக்கும்' நாள் இதுதானோ என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

"அழகா இருக்குன்னு அதை எடுத்து வெச்சேன்" என்றார் இவர் ஒருமுறை, விட்டத்தைப் பார்த்தபடி. "இன்னொண்ணு அதைவிட அழகா இருந்திருந்தா…"

"வாயை மூடுங்க."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கோபத்தில் கொஞ்சம் அழுத்தியே பிடித்தேன்.

மூன்றாம் நாள் காலை, எண்கள் எல்லாம் சரியாக இருக்கின்றன, வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். மாமியார் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். மகனைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

"ஏய் காளான்காரி. அது நிஜமாவே ருசியா இருந்துச்சு. அதான் எனக்கு ஆத்திர ஆத்திரமா வருது."

ஒரு வாரம் கழித்து, பதினாலாவதைத் தேடிப் பார்த்தே ஆக வேண்டும் என்று இவர் அடம்பிடித்தார். கத்தரியைக் கடையில் வைத்துவிட்டு, புதிதாக வாங்கிய சின்ன மண்கரண்டியோடு வந்தார். காலர் வளைவு, ஒற்றை மரம், வேலி. புல் ஒரு சாண் வளர்ந்திருந்தது. நான் தோண்டி விட்ட குழிகள்கூட மூடிக்கொண்டிருந்தன. அவர் பேன்ட் முட்டியில் சேறு படுவதைப் பொருட்படுத்தாமல் மண்டியிட்டுத் தேடினார். நான் மரத்தடியில் நின்றேன்.

"அதுவும் நல்லதாத்தான் இருந்திருக்கும், இல்ல?" என்றார், நிமிராமல்.

"இருந்திருக்கும்" என்றேன். எனக்குத் தெரியாது.

அவர் எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றார். அதே வளைவில், சற்றுத் தள்ளி, முந்தின நாள் மழைக்குப் புதிதாக முளைத்திருந்தன. வெள்ளை வெளேரென்று. இரண்டு பேருமே பார்த்தோம், இரண்டு பேருமே குனியவில்லை.

"பதினாறு" என்றார் அவர், எண்ணிப் பார்க்கும் பழக்க தோஷத்தில்.

"வாங்க, போலாம்" என்று நான் அவர் கையிலிருந்த கரண்டியை வாங்கிக்கொண்டேன்.