மூன்று வழி நாற்சந்தி

முப்பத்தொரு வருஷமாக உட்கார நேரம் கிடைக்காத ஒருத்திக்கு விடுதலை தருவதற்கும் முதலில் நடக்கத்தான் வைத்தார்கள். அந்தக் காலத்தில் இத்தாலியை ஆண்ட லொம்பார்டுகளின் சட்டம் அப்படி. எசமான் தன் அடிமையின் கையை இன்னொருவரிடம் பிடித்துக் கொடுக்க வேண்டும். அது கை மாறிக் கை மாறி நாலாவது ஆளிடம் போக வேண்டும். அவர் அந்தக் கையை விடாமல் நாற்சந்திக்குக் கூட்டிப்போய், "நாலு வழியில் எந்த வழியிலும் நீ போகலாம்" என்று சாட்சிகள் முன்னால் சொல்ல வேண்டும். சொன்னால்தான் விடுதலை.

லூப்பிசினாவின் எசமான் குந்தோவால்ட் படுத்த படுக்கையாகக் கிடந்தார். காலையில் அவள் கையைப் பிடித்துக் கொடுப்பதற்கு அவர் கையைத் தூக்கிப் பிடிக்கவே இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். பொழுது சாய்வதற்குள் உயிர் போய்விடும் என்று பாதிரியார் சொல்லிவிட்டார். அதற்குள் காரியம் முடியாவிட்டால் வீடு, மாடு, திருகைக்கல், லூப்பிசினா எல்லாமே அண்ணன் மகன் அகிபெர்ட்டுக்கு. அவனிடம் போவதை நினைத்தால் அவளுக்குப் பயம்கூட வரவில்லை. வெறும் அலுப்புதான் வந்தது.

நாலாவது கை பக்கத்துப் பண்ணை வால்பெர்ட்டுடையது. எழுபதை நெருங்குகிறவர். வலது முழங்கால் அவர் சொன்னபடி கேட்காது.

"மெதுவா நடம்மா லூப்பி. நான் உன்னைக் கூட்டிட்டுப் போறேனா, நீ என்னைக் கூட்டிட்டுப் போறியா?"

"எப்படியோ போய்ச் சேருவோம் ஐயா. ரெண்டு பேருக்கும் கால் ஓஞ்சுதான் போச்சு."

நாற்சந்தியில் சாட்சிகள் இரண்டு பேர் காத்திருந்தார்கள். கூடவே குதிரையைப் பிடித்துக்கொண்டு அகிபெர்ட்டும் நின்றான். வால்பெர்ட் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நாலு வழியில..." என்று ஆரம்பித்தார்.

"நிறுத்துங்க பெரியவரே" என்றான் அகிபெர்ட். "இங்க எத்தனை வழி?"

"நாலு."

"எண்ணுங்க பாப்போம்."

வால்பெர்ட் எண்ணினார். பட்டணத்துக்குப் போகிற வழி ஒன்று. மலைக்குப் போகிற வழி ஒன்று. அவர்கள் வந்த வழி ஒன்று. அத்தோடு விரல் நின்றுவிட்டது. தெற்கே வெறும் நாணல், தவளைச் சத்தம். ஆறு எந்தக் காலத்திலோ திசை மாறி அந்த வழியை விழுங்கியிருந்தது. அட கடவுளே, பிறந்ததிலிருந்து ஊரே நாற்சந்தி நாற்சந்தி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. ஒருத்தனாவது எண்ணிப் பார்க்க வேண்டாமா!

"இது முச்சந்தி. சட்டத்துல நாலுன்னு இருக்கு" என்று சிரித்தான் அகிபெர்ட். "அடுத்த நாற்சந்திக்கு ஒரு நாள் நடக்கணும். போயிட்டு வாங்க. அதுவரைக்கும் சித்தப்பா மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருக்காரான்னு பாப்போம்."

சாட்சிகள் தரையைப் பார்த்தார்கள். "சட்டம்னா சட்டம்தானே" என்று ஒருவன் முனகினான்.

லூப்பிசினாவுக்கு அங்கேயே உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது. தெற்கே பார்த்தாள். கூரைக்கு நாணல் அறுக்க வருஷா வருஷம் அந்தச் சேற்றில் வெறுங்காலோடு இறங்கியவள் அவள்தான். அங்கே அடியில் என்ன இருக்கிறது என்று அவள் பாதத்துக்குத் தெரியும்.

"நாலாவது வழி இருக்குது."

"எங்க, வானத்துலயா?"

"தண்ணிக்கு அடியில."

பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். நீர் முழங்காலுக்கு வந்தது. அதற்கு மேல் ஏறவில்லை. வால்பெர்ட் தெரிந்த புனிதர்களையெல்லாம் திட்டிக்கொண்டே பின்னால் வந்தார்.

"கையை மட்டும் விட்டுடாதம்மா. விட்டா எல்லாம் போச்சு!"

"முங்கிச் சாகப்போறீங்க ரெண்டு பேரும்!" அகிபெர்ட் மறிப்பதற்காகக் குறுக்கே பாய்ந்தான். பாய்ந்த இடத்தில் கல் இல்லை. இடுப்புவரை சேறு அவனை இழுத்துக்கொண்டது.

சாட்சிகள் செருப்பைக் கழற்றிவிட்டு அவள் போன தடத்திலேயே வந்தார்கள். ஒருவன் காலால் துழாவினான். "கல்லுதான்யா! அந்தக் காலத்து ரோமாக்காரங்க போட்ட ரோடு! வண்டித் தடம்கூட இருக்கு!"

நூறு அடி தள்ளி ஒரு மைல்கல் தலையை நீட்டிக்கொண்டிருந்தது. அதில் ஏதோ ஒரு பேரரசன் பெயர் பாதி அழிந்து கிடந்தது. அங்கே நின்று வால்பெர்ட் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்: "நாலு வழி இருக்கு. நாலுல எந்த வழியிலும் நீ போகலாம்." சொல்லிவிட்டுக் கையை விட்டார்.

சற்றுப் பொறுத்து ஊர்ப்பக்கம் கோயில் மணி அடித்தது. குந்தோவால்ட் போய்விட்டார். வால்பெர்ட் சிலுவைக்குறி போட்டுக்கொண்டார்.

"நல்லவேளை, முந்திக்கிட்டோம். எங்கம்மா போகப்போற?"

எந்த வழியின் முடிவிலும் அவளுக்கென்று யாரும் இல்லை. "எங்கயும் போகலை ஐயா" என்றபடி மைல்கல்மேல் உட்கார்ந்தாள். முதுகெலும்பு ஒவ்வொன்றாக இறங்குவது அவளுக்கே கேட்டது.

சேற்றிலிருந்து அகிபெர்ட் கத்தினான். "ஏய் லூப்பி! உக்காந்துட்டியா? எந்திரிச்சு வந்து கையைக் குடுடி!"

முப்பத்தொரு வருஷப் பழக்கம். உடம்பு பாதி எழுந்துவிட்டது.

பிறகு மறுபடியும் உட்கார்ந்தாள்.