முப்பது கிராம்

எனக்கு வாய் ஜாஸ்தி. அதைவிட ஜாஸ்தி, எடை பார்க்கும் பைத்தியம். எண்ணூறு கிலோமீட்டர் சைக்கிள் பயணம் என்று முடிவானதும் சமையலறைத் தராசோடு உட்கார்ந்துவிட்டேன். பல் தேய்க்கும் பிரஷ்ஷைப் பாதியாக வெட்டினேன். துண்டைக் கிழித்துக் கைக்குட்டையாக்கினேன். என் வீட்டுக்காரர் எனக்குத் 'தராசு' என்றே பெயர் வைத்துவிட்டார்.

அவருக்கு ஆஸ்துமா. என் மருந்துப் பையில் ஒரு இன்ஹேலர், அவர் பையின் அடியில் இன்னொன்று என்று அவரே பிரித்து வைத்திருந்தார். கிளம்பும் நாள் காலையில் அவருக்குத் தெரியாமல் அந்த இரண்டாவதை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டேன். முப்பது கிராம். பக்கத்துப் பக்கத்தில்தானே ஓட்டப்போகிறோம், இரண்டு எதற்கு?

ஆறாம் நாள் மத்தியானம், ஆள் நடமாட்டமே இல்லாத மேட்டுப் பாதையில் மழை பிடித்துக்கொண்டது.

"அந்தக் கொட்டகையில கொஞ்சம் ஒதுங்கலாம். குளிரு நெஞ்சுல ஏறுது," என்றார்.

"ஒரு தூறலுக்கே இப்படியா? இந்த லட்சணத்துல ஊரு சுத்த வந்துட்டீங்க!" என்றேன்.

அவர் விறுவிறுவென்று மிதித்து வளைவில் மறைந்துவிட்டார். ரோஷத்தைப் பார், போகட்டும் என்று நானும் விட்டேன்.

அரை மணி நேரத்தில் என் பின்சக்கரம் பஞ்சர். பம்ப் அவரிடம். கருவிகள் உங்களுக்கு, மருந்துகள் எனக்கு என்று பாரத்தைப் பங்கு போட்டதும் நான்தான். அப்போதுதான் எனக்குச் சுரீரென்றது. அவருடைய மருந்து மொத்தமும் என்னிடம் இருக்கிறது. போனில் சிக்னல் இல்லை. தொண்டை கிழியக் கத்தினேன். அந்தக் காற்றில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

ரோட்டோரப் புல்லைப் பிடுங்கிப் பிடுங்கி, காற்றுக்குப் பதிலாக டயருக்குள் திணித்தேன். நகம் பிய்ந்து ரத்தம் வந்தது. தடதடவென்று குதித்த அந்தச் சைக்கிளை, "கடவுளே, அவருக்கு ஒண்ணும் ஆகக் கூடாது, இனிமே வாயே திறக்க மாட்டேன்" என்று அழுதுகொண்டே மிதித்தேன்.

நான்கு கிலோமீட்டர் தாண்டி ஒரு சட்டை சேற்றில் கிடந்தது. அப்புறம் காலுறைகள். அப்புறம் பம்ப். பைக்குள் இருந்த அத்தனையும் ரோட்டில் சிதறிக் கிடந்தன. சின்னப் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உதடு நீலம் பாய்ந்திருந்தது. கை மட்டும் காலிப் பையின் அடியை இன்னும் துழாவிக்கொண்டிருந்தது. எதைத் தேடுகிறார் என்று எனக்குத் தெரியாதா?

இன்ஹேலரை அவர் வாயில் வைத்து அழுத்தினேன். "இழுங்க! நல்லா இழுங்க!" முதல் தடவை இருமித் தள்ளிவிட்டார். இரண்டாவது கொஞ்சம் இறங்கியது. மூன்றாவதுக்குப் பிறகும் நெஞ்சில் விசில் அடங்கவில்லை.

"அடியிலதான்... வச்சேன். எங்கயோ விழுந்துருச்சு. என் தப்பு," என்றார்.

பேசாமல் இருந்திருக்கலாம். முடியவில்லை.

"விழலைங்க. நான்தான் எடுத்துட்டேன். வீட்டு மேஜைமேல இருக்கு. பாரம்னு..."

என்னையே பார்த்தார். திட்டுவதற்கு அவரிடம் மூச்சு இல்லை. மூச்சு வரட்டும், வண்டி வண்டியாகத் திட்டட்டும் என்று முதுகைத் தேய்த்துக்கொண்டே காத்திருந்தேன். விசில் கொஞ்சம் அடங்கியதும் வாய் திறந்தார்.

"எத்தனை கிராம், தராசு?"