தையல்காரரின் தோளில் ஒரு நூல்

என் கண்ணை நான் கொஞ்சம் அதிகமாகவே நம்புகிறவன். பழைய ஜப்பானியக் குடும்பப் படங்களைச் சுத்தம் செய்து, வீட்டில் போட்டுப் பார்க்க டிஸ்க்காக வெளியிடும் சின்ன நிறுவனம் ஒன்றில் பதினாறு வருஷமாக இருக்கிறேன். நொடிக்கு இருபத்துநாலு ஃப்ரேம். ஒவ்வொன்றிலும் தூசி, கீறல், பூஞ்சைக் கறை என்று எது இருந்தாலும் அழிக்க வேண்டும். அலுவலகத்தில் எனக்குப் பெயர் துடைப்பம். முதலாளியே அப்படித்தான் கூப்பிடுவார். எனக்கு அதில் உள்ளூரப் பெருமைதான்.

அன்று காலை பஸ் நிலையத்திலும் அந்தப் பெருமையோடுதான் நின்றேன். மகளை விமான நிலையத்துக்கு அனுப்ப வந்திருந்தோம். கடல் தாண்டி ஒரு மருத்துவமனையில் நர்ஸ் வேலை, மூன்று வருஷ ஒப்பந்தம். பத்து ஐம்பதுக்குப் பஸ். போக வேண்டாம் என்று நான் சொன்ன நாளிலிருந்து, மூன்று வாரமாக, அவள் என்னோடு பேசவில்லை. என்னிடம் கேட்க வேண்டியதை அம்மாவிடம் கேட்பாள், அம்மா என்னிடம் கேட்பாள், நான் பதிலை அம்மாவுக்குச் சொல்வேன். மூன்று பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்திருப்போம். நான் என்ன தபால்காரியா என்று மனைவி ஒருநாள் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனாள். நானும் இறங்கி வரவில்லை. பிடிவாதம் எனக்குப் பிறவிச் சொத்து. மகளுக்கும் அதில் பங்கு பிரித்துக் கொடுத்துவிட்டேன்.

பத்து முப்பத்தெட்டு இருக்கும். பெட்டியைப் பஸ்ஸின் அடியில் தள்ளிவிட்டு நிமிர்ந்தேன். மகள் பக்கத்தில் வந்தாள். என் முகத்தைப் பார்க்காமல், சட்டைத் தோளில் ஒட்டியிருந்த வெள்ளை நூல் ஒன்றை இரண்டு விரலால் எடுத்தாள்.

"புதுச் சட்டைப்பா. நூல் ஒட்டியிருக்கு," என்றாள்.

மூன்று வாரம் கழித்து வந்த முதல் பேச்சு. எந்த அப்பனாக இருந்தாலும் அங்கேயே உருகியிருப்பான். நானோ அவள் விரலில் இருந்த நூலையே பார்த்தேன்.

இரண்டு நாள் முன்பு டிஸ்க் அச்சடிக்கும் தொழிற்சாலைக்கு அனுப்பிய படம் கண்முன் வந்து நின்றது. ஒரு தையல்காரர், அவருக்கு மூன்று பிள்ளைகள். கடைசிப் பெண் ஏதோ மனத்தாங்கலில் படம் முழுக்க அப்பாவோடு பேசமாட்டாள். வீட்டைவிட்டுப் போகிற காலையில், கறுப்புக் கோட்டோடு அசையாமல் உட்கார்ந்திருக்கும் அவர் பின்னால் வந்து தோளைத் தொடுவாள். அந்தத் தோளில் வெள்ளையாக ஒரு இழை தெரிந்தது. படம் எடுத்த கேமராவுக்குள் சிக்கிய நார் என்று நினைத்தேன். அப்படிச் சிக்குவது சகஜம். அந்த மூலையை மட்டும் திரையில் பெரிதாக்கி, சத்தத்தை அணைத்துவிட்டு, இருநூற்று எண்பத்தெட்டு ஃப்ரேமிலும் ஒன்று விடாமல் அழித்தேன். அவள் கை வந்து மறைத்ததும் நாரும் போய்விட்டது, வேலை குறைந்தது என்று டீ குடிக்கப் போனேன். கேமராவுக்குள் இருக்கும் நார் நடிகையின் கைக்குப் பின்னால் எப்படி மறையும் என்று யோசிக்கவில்லை. பதினாறு வருஷ அனுபவம்!

அது நூல். அவள் தோளைத் தொட வரவில்லை, நூலை எடுக்க வந்தாள். சும்மா போய்த் தொட முடியாத பெண்ணுக்கு அந்த நூல் ஒரு சாக்கு. அந்தச் சாக்கைத்தான் நான் துடைத்து எறிந்திருந்தேன்.

அன்றே பதினோரு மணிக்கு அச்சு ஆரம்பம். ஆரம்பித்துவிட்டால் மூவாயிரம் டிஸ்க்கிலும் அந்தப் பெண் வெறும் கோட்டைக் கிள்ளிக்கொண்டிருப்பாள். போன வருஷம் நான் பார்த்து அனுப்பிய படம் ஒன்றில் வசனம் இரண்டு நொடி பிந்தி வந்து, வாங்கினவர்கள் புகார் எழுதித் தீர்த்துவிட்டார்கள். இன்னொரு தடவை இப்படி நடந்தால் துடைப்பத்தை மூலையில் சாத்திவிடுவேன் என்று முதலாளி சொன்னார். சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.

போனை எடுத்தேன். மகள் இன்னும் எதிரேதான் நின்றாள். ஏதோ சொல்ல வாய் எடுத்தாள்.

"ஒரே நிமிஷம்மா," என்றேன்.

இப்போதுதானா என்று மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டது காதில் விழுந்தது. இன்ஜின் சத்தம் தாங்காமல் டிக்கெட் கவுன்ட்டர் ஓரத்துக்கு ஓடினேன். முதலாளி எடுக்கவில்லை. தொழிற்சாலை எண் பிஸி. மறுபடி பிஸி. பத்து நாற்பத்தைந்துக்கு ஷிப்ட் மேற்பார்வையாளர் கிடைத்தார். அவசரம் என்றால் என்னவென்றே தெரியாத குரல். டிஸ்க் நம்பர் கேட்டார். எனக்கு என் வீட்டு நம்பரே மறந்துபோயிருந்தது. தையல்காரர் படம், தையல்காரர் படம் என்று உளறினேன். இருங்கள், பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனவர் வரவே இல்லை. காதில் ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. சுவரைப் பார்த்தபடி, அங்கே ஒட்டியிருந்த கால அட்டவணையை நகத்தால் சுரண்டிக்கொண்டு நின்றேன். வைத்துவிட்டு ஓடிவிடலாம் என்று இரண்டு தடவை தோன்றியது. வைக்கவில்லை.

கடைசியில் வந்தார்.

"அதுவா சார்? மெஷின் காலைலேர்ந்தே படுத்துக்கிச்சு. நாளைக்குத்தான் ஆரம்பிப்போம். நீங்க மெதுவா அனுப்புங்க."

நன்றி சொன்னேனா என்று நினைவில்லை. திரும்பி ஓடினேன். பஸ் நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. மனைவி தனியாக நின்றிருந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"கை காட்டினா. உங்க முதுகைப் பார்த்துதான் காட்டினா," என்றாள். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "அந்த நூலை அவ கீழ போடவே இல்லைங்க. விரல்ல சுத்திக்கிட்டே ஏறினா," என்றாள்.

மகளைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. பிடிவாதம் நான் கொடுத்த பங்குதானே.

மத்தியானம் முதலாளியிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் வெகுநேரம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். தானும் முழுப் படத்தையும் பார்த்ததாகவும் நூல் போனது தனக்கும் தெரியவில்லை என்றும் சொல்லி, உடனே சரிசெய்யச் சொன்னார். வேலை தப்பித்தது. அந்த நேரத்தில் அதுகூட எனக்குச் சந்தோஷமாக இல்லை.

துடைக்காத பிரதி பத்திரமாக இருந்தது. இருநூற்று எண்பத்தெட்டு ஃப்ரேமிலும் நூலைத் திரும்ப வைத்தேன். பிறகு அந்தக் காட்சியை முதல் தடவையாகச் சத்தத்தோடு, நிறுத்தாமல் ஓடவிட்டேன். பெண் வருகிறாள். நூலை எடுக்கிறாள். தையல்காரர் திரும்பி, தலையை நிமிர்த்தி, அவள் கதவைத் தாண்டும்வரை அவளையே பார்த்துக்கொண்டிருக்கிறார். இந்த ஃப்ரேம்களை எல்லாம் நான் ஏற்கெனவே பார்த்தவன்தான். ஓரத்தில் இரண்டு புள்ளி தூசி இருந்தது, எடுத்திருந்தேன். அவர் திரும்பியது அப்போது என் கண்ணில் படவில்லை.

மறுபடி மகளின் எண்ணை அழுத்தினேன். போன் அணைந்திருந்தது. விமானம் ஏறியிருப்பாள். மேஜை விளக்கைத் திருப்பி, சட்டைத் தோளில் வேறு நூல் ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன். சுத்தமாக இருந்தது.